செல்லக்கிளி கேட்ட மூளைப் படம்

மதுரையில் ஒருவருக்குச் சூதாட்டப் பித்துப் பிடித்தால் ஒரே வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். போஸ்டர் பித்துப் பிடித்தால் பத்து வருடம் ஆனாலும் யாருக்கும் தெரியாது. இங்கே காது குத்துக்குப் போஸ்டர், வயசுக்கு வந்தால் போஸ்டர், செத்தால் போஸ்டர், செத்து வருடம் திரும்பினால் இன்னொரு போஸ்டர். பழைய பைக் வாங்கியவனுக்கு நண்பர்கள் சேர்ந்து ஃபிளக்ஸ் வைக்கிற ஊர் இது. நான் குறை சொல்லவில்லை. என் வீட்டு அடுப்பு இருபத்திரண்டு வருடமாக இதில்தான் எரிகிறது. என் பெயர் பரீத். வீடு காஜிமார் தெருவில், போஸ்டர் கடை நாகமலைப் புதுக்கோட்டையில். ஆகவே இந்த விவகாரத்தில் நான் வேடிக்கை பார்த்தவன் மட்டும் இல்லை, கூட்டாளியும்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, கீழக்குயில்குடி செல்லக்கிளி அக்காவைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். ஐம்பத்தேழு வயது. காலையில் தொண்ணூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்து, முட்டை அவித்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே நடுக்குவாதக்காரரான கணவர் மலைச்சாமி அண்ணன் காத்திருப்பார். அக்கா எங்கே உட்கார்ந்தாலும் எழுந்திருக்க ஒரு நிமிடம் யோசிப்பார். அவருடைய களைப்பைப் பார்த்தால் நமக்கே கொட்டாவி வரும்.

சென்ற வருடம் ஆடி மாதம் அவர் என் கடைக்கு வந்தபோது கையில் சுவரிலிருந்து பாதி கிழிந்து வந்த ஒரு போஸ்டர் இருந்தது. பசை காயவில்லை. மேசையில் விரித்துப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, இது நீங்க அடிச்சதா?"

பார்த்ததும் தெரிந்தது, நான் அடித்ததுதான். 'கண்ணீர் அஞ்சலி' என்று கறுப்பில். நடுவில் மாலை போட்ட அழகுராஜா. அவர் அக்காவின் சம்பந்தி, மகள் இசைவாணியின் மாமனார். கீழே 'ஆறாத் துயருடன் சம்பந்தி மலைச்சாமி' என்று, இறந்தவர் பெயரைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில்.

"ஆமாக்கா. அண்ணே காலையிலதான் வந்து வாங்கிட்டுப் போனாக."

"அவரு உசுரோட இருக்காருப்பா," என்றார் அக்கா.

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

மலைச்சாமி அண்ணன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். அவருடைய அப்பா அடுத்தவர் வயலிலேயே உழைத்துச் செத்தவர். அவர் பெயரை ஊரில் யாரும் முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணன் படித்து, வேலைக்குப் போய், முப்பது வருடம் கம்பத்தில் ஏறி இறங்கி, ஒரு விபத்தும் இல்லாமல் ஓய்வு பெற்றார். அந்த வருடமே வலது கைக் கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. பிறகு கை, பிறகு நடை. சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிட வேண்டும், சோற்றைப் பிசைந்து தர வேண்டும். அப்படியே இரண்டு வருடம் போனது. பிறகு டாக்டர் பழைய மாத்திரையோடு இன்னொரு சின்ன வெள்ளை மாத்திரையைச் சேர்த்தார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். அண்ணன் எழுந்து நடந்தார். தானாகவே பஸ் ஏறி என் கடைக்கு வந்தார்.

முதலில் பேத்தி முறையுள்ள ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு. நல்ல விஷயம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பழைய சக ஊழியர் ஒருவரின் நினைவு நாளுக்கு. அதற்கடுத்து பத்தாம் வகுப்பில் தேறிய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, புதுச் சாலை போட்ட ஒப்பந்தக்காரருக்கு நன்றி, மழை வந்ததற்கு வருண பகவானுக்கு நன்றி. மழைக்குப் போஸ்டர் அடித்த ஒரே ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர்தான். நான் சிரித்துக்கொண்டே அடித்தேன். வாரத்துக்கு மூன்று, நான்கு என்று ஆனது. மைதாப் பசையைத் தானே காய்ச்சி, வாளியோடு போய்த் தானே ஒட்டுவார். நடுங்கிய கை பசை தடவும்போது நடுங்காது. கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு பொலிவு இருக்கும். 'எம் பேரை இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணு மாப்ள' என்பார். மற்ற நேரத்தில் நான் தம்பி, கணினிக்கு முன்னால் மட்டும் மாப்ள.

ஊரார் என்ன சொன்னார்கள் என்கிறீர்கள்? மலைச்சாமிக்கு நோய் குணமாகிவிட்டது, பழையபடி நாலு பேரோடு பழகுகிறார் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அக்கா ஒருவருக்கு மட்டும்தான் அவர் வீட்டில் சோறு இறங்காமல், உட்கார முடியாமல், அடுத்தது யாருக்கு, அடுத்தது யாருக்கு என்று அலைவது தெரியும். ஒருநாள் பசை வாளியைப் பிடுங்கி ஒளித்து வைத்திருக்கிறார். அண்ணன் குழந்தை மாதிரி அழுதாராம். அப்புறம் சட்டியில் காய்ச்சிக் கொண்டு போனாராம்.

அழகுராஜாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது ஆடி முதல் வாரத்தில். டீக்கடையில் யாரோ 'இன்னைக்குத் தாண்டாது' என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் சாவு என்றால் முதல் போஸ்டர் யாருடையது என்பதில் ஒரு கௌரவம் உண்டு. இரண்டாவதாக ஒட்டுகிறவன் தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி. முதல் போஸ்டர் சம்பந்தி போஸ்டராக இருக்க வேண்டும் என்று அண்ணனுக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் அவரால் நிறுத்த முடியாது. என்னிடம் வந்தார். தோற்றம் என்ற இடத்தில் தேதி சொன்னார். மறைவு என்ற இடத்தை வெறுமனே விடச் சொன்னார்.

"ஏண்ணே, தேதி?"

"அத விட்டுரு மாப்ள, பேனாவுல எழுதிக்கிடலாம்."

அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் மறைவுத் தேதி இல்லாத அஞ்சலி போஸ்டரை நான் அடித்ததே இல்லை. அன்றைக்கு அடித்தேன். வேலை நெருக்கடி என்று சொல்லலாம். அதுவும் பொய்தான், எனக்குச் சோம்பல்.

அழகுராஜா தாண்டிவிட்டார். சில நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், பசுமலைத் திருப்பத்தில், அக்கா கண்ணில் படாமல் விட்டுப்போன ஒரு போஸ்டரில், காருக்குள்ளிருந்து தன் சாவைத் தானே பார்த்தார். அவர் மனைவி அங்கேயே அலறிவிட்டார். மறுநாள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்கப் போன செல்லக்கிளி அக்காவிடம் அவர்கள் சண்டை போடவில்லை. வாசலில் நிற்க வைத்துச் சொல்லி அனுப்பினார்கள். 'எங்க சாவுக்கு நாள் பாத்துக்கிட்டு இருந்திருக்காக. அந்த வீட்டுக்குப் பிள்ளைய அனுப்ப மாட்டோம். வளைகாப்பு இங்கதான். பிரசவமும் இங்கதான்.' இசைவாணிக்கு அப்போது ஐந்தாவது மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் மாறாத வழக்கம். அது மாறினால் பெற்றவள் செத்துவிட்டாள் என்றோ, பெற்றவர்களின் உறவை அறுத்துவிட்டார்கள் என்றோதான் அர்த்தம். அக்காவுக்கு இருப்பது அந்த ஒரே மகள்.

கிழித்த போஸ்டரோடு வந்த அன்று என் கடையில் தண்ணீர் குடித்துவிட்டு அக்கா சொன்னார். "வேணும்னு செய்யல தம்பி. அது அவுகளே இல்ல. யாரு நம்புவா? நீங்களே நம்பலேல்ல."

நான் போஸ்டரைச் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்தேன்.

ஆவணியில் வழக்கமான சோதனைக்கு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. குற்ற உணர்ச்சியில் என் ஆம்னி வேனில் நானே அழைத்துப் போனேன். அங்கே டாக்டர் ஆஷிகா என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். அவர்தான் சொன்னார், நடுக்குவாத மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு மனதில் தோன்றியதை அடக்க முடியாமல் போகிறது, அப்படிப்பட்டவர்களையும் அப்படி ஆகாதவர்களையும் ஸ்கேன் மிஷினில் படுக்க வைத்து மூளை வேலை செய்வதைப் படம் எடுத்து ஆராய்ச்சி செய்கிறோம், விருப்பம் இருந்தால் வரலாம் என்று. அக்கா அதுவரை சுவரில் தலை சாய்த்து அரைத் தூக்கத்தில் இருந்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"படம் எங்க கையில குடுப்பீகளா?"

"அறிக்கை தருவோம்மா."

அது போதும் என்று அக்கா முடிவு செய்துவிட்டார். அவர் மனதில் ஓடியது எனக்கு அப்போதே தெரிந்தது. படத்தில் நோய் தெரியும், படத்தைக் கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் விரித்து வைக்கலாம், எலும்பு முறிவைக் காட்டுகிற மாதிரி. யார் மேலும் பழி இல்லாமல், கணவரைக் காட்டிக்கொடுக்காமல், மிஷினே சொல்லிவிடும்.

அண்ணனிடம் முதலில் ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். சூதாட்டம், லாட்டரி? இல்லை. தேவையில்லாமல் கடை கடையாகப் பொருள் வாங்குவது? இல்லை. அளவு மீறிச் சாப்பிடுவது? இல்லை. பெண்கள் விஷயம்? அக்கா தரையைப் பார்த்தார்; அண்ணன் சிரித்துவிட்டு இல்லை என்றார். வேறு எந்த வேலையையாவது நிறுத்த முடியாமல் செய்கிறீர்களா? இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. போஸ்டர் ஒட்டுவது ஒரு நோய் என்று மதுரைக்காரர் எவருக்குத் தோன்றும்? டாக்டர் அக்காவைப் பார்த்தார். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அக்காவும் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். ஆகவே அடக்க முடியாத கோளாறு இல்லாதவர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து ஸ்கேன். மோதிரம், அரைஞாண், பெல்ட் எல்லாம் கழற்றி, தலையை அசையாமல் பஞ்சு வைத்து இறுக்கி, உள்ளே தள்ளினார்கள். படங்கள் காட்டுவார்களாம், கையில் இருக்கும் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும், எப்போது அழுத்தாமல் பொறுக்க வேண்டும் என்று சொல்வார்களாம். வெளியே எங்களுக்குச் சத்தம்தான் கேட்டது, தெருவைத் தோண்டுகிற மாதிரி. அக்கா முக்கால் மணி நேரமும் தூங்கினார். பாவம், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்ட நாளில்தான் அவருக்குத் தூக்கமே.

முடிந்ததும் டாக்டர் வந்தார். அக்கா எழுந்தார். "படத்துல தெரிஞ்சிருச்சாம்மா?"

"என்ன தெரியணும்மா? கட்டி, அடைப்பு எதுவும் இல்ல. நல்லா இருக்கு."

"அதில்லம்மா. அந்த அடக்க முடியாதது."

டாக்டர் ஒரு நிமிடம் அக்காவையே பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார்.

"ஒருத்தர் படத்த வச்சு அதச் சொல்ல முடியாதும்மா. மூளைக்குள்ள ஆழத்துல 'வேணும்'னு இழுக்குற இடம் ஒண்ணு இருக்கு. நெத்திக்குப் பின்னால 'பொறு'னு பிடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. இந்த மாத்திரை சில பேருக்கு இழுப்பக் கூட்டிருது, பிடி தளர்ந்துருது. அப்படித்தான் நினைக்கிறோம். நாப்பது பேர் படத்தையும் இன்னொரு நாப்பது பேர் படத்தையும் சேர்த்து வச்சுப் பாத்தாத்தான் ஒரு வித்தியாசம் மங்கலாத் தெரியும். இவருக்கு இருக்கு, அவருக்கு இல்லனு பேர் சொல்லிப் படம் காட்டாது."

"அப்ப மிஷின் சொல்லாதா?"

"சொல்லாதும்மா. வீட்டுல கூட இருக்குறவங்கதான் சொல்லணும்."

 எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பொத்தானாக, அவசரமில்லாமல், யாருடைய உதவியும் இல்லாமல். அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா என்ன செய்வீக?"

"அந்த வெள்ளை மாத்திரையக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்துவோம். வேற மருந்தக் கூட்டுவோம். ஆனா இந்த அளவுக்கு நடமாட்டம் இருக்கும்னு சொல்ல முடியாது. சில பேருக்கு மனசும் ரொம்பச் சோர்ந்துரும். எல்லாருக்கும் அப்படி ஆகாது, ஆனா ஆகலாம். உங்ககிட்ட மறைக்கக் கூடாது."

"சொல்லலேன்னா?"

"இருக்கிறது கூடிக்கிட்டே போகும்."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மழைக்கு அடித்தது, வாளியைப் பிடுங்கியது, அழுதது, அழகுராஜா, இசைவாணி, எல்லாம். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. டாக்டர் சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

"மூணு வருசமா இந்தக் கேள்வியெல்லாம் கேக்குறேன்," என்றார். "போஸ்டர்னு எனக்குத் தோணவே இல்லம்மா. நான் டாக்டர் ஆனப்ப எங்க தெருவுலயே எனக்கு ஃபிளக்ஸ் வச்சாங்க."

பிறகு வெளியே வந்து அண்ணனிடம் பக்குவமாகப் பேசினார். மாத்திரையால் மனம் ஒரே பக்கமாக இழுக்கிறது, அதை மாற்றப் போகிறோம் என்றார். அண்ணன், "சரிம்மா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் காளவாசல் தாண்டும் வரை சுவரில் இருந்த ஒவ்வொரு போஸ்டரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார்.

மாத்திரை குறையக் குறைய அவர் என் கடைக்கு வருவதும் குறைந்தது. புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் அக்கா பிடித்துக் கூட்டி வந்தார். உட்கார்ந்தார். பழக்கத்தில் நான் கணினியைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் தம்பி, போறேன்" என்றார். மாப்ள போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

எல்லாம் மாத்திரையால் வந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா சம்பந்தி வீட்டுக்கு இரண்டு முறை போனார். படம் எங்கே என்று கேட்டார்களாம். கடிதம் யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பார்கள் என்றார்களாம். மூன்றாம் முறை நான் போனேன். மறைவுத் தேதியை விட்டு அச்சடித்தது நான்தான், நான் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று அழகுராஜாவிடமே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "வாங்க, போய்ப் பாப்போம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மார்பில் தையல் தழும்போடு என் வண்டியில் ஏறினார்.

கீழக்குயில்குடி வீட்டில் அண்ணன் உள்ளறையிலிருந்து வரவேற்க வந்தார். நிலைப்படிக்கு வந்ததும் கால் ஒட்டிக்கொண்டது. தாண்ட வேண்டும் என்று உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் நகரவில்லை. "வாங்க சம்பந்தி" என்றது அங்கேயே நின்றுபோனது. இரண்டு நிமிடம் அப்படியே நின்றார். நெற்றியில் வேர்த்துவிட்டது. அழகுராஜா எழுந்து போய்க் கையைக் கொடுத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் ஒரு அடி வைத்தார். யாரும் போஸ்டரைப் பற்றிப் பேசவில்லை. காபி குடித்தோம். வண்டியில் திரும்பும்போது அழகுராஜா சொன்னார். "ஒன்பதாம் மாசம் வளைகாப்பப் போட்டு அனுப்பி வைக்கிறோம்னு அந்தம்மாகிட்ட சொல்லிருங்க பாய். எனக்குச் சொல்ல ஒரு மாதிரியா இருக்கு."

இசைவாணி வந்தாள். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. பதினாறு நாள் கழித்து நான் பார்க்கப் போனேன். வீட்டில் பால் வாசமும் வசம்பு வாசமும். இசைவாணி சிரித்த முகமாக இருந்தாள். குழந்தையைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தாள். அவர் பார்த்தார். வெறுப்பில்லை, கோபமில்லை. சும்மா பார்த்தார். கொஞ்ச நேரத்தில், "எடுத்துக்கம்மா, கை தாங்காது" என்றார்.

இசைவாணி குழந்தையோடு உள்ளே போனதும் அவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார். நான் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் பிள்ளகிட்ட நீதான சொன்ன?"

"ஆமா."

"காலையில எந்திரிச்சா எனக்கு ஒரு வேலை இருந்துச்சு, செல்லக்கிளி. இப்ப ஒன்னுமே வேணும்னு தோணமாட்டேங்குது. சோறுகூட."

அக்கா எழுந்தார். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் புகட்டி, வாயைத் துடைத்துவிட்டு, என்னை வழியனுப்ப வண்டி வரை வந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், மகள் வந்துவிட்டாளே அக்கா, நல்லதுதானே என்றேன். என் வாயில் வேறென்ன வரும்.

"நல்லதுதான்," என்றார். வண்டிக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "மனசு சோந்துரும்னு அந்த டாக்டர் பிள்ள அன்னைக்கே சொல்லுச்சு தம்பி. எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் சொன்னேன். இன்னைக்கு மறுபடி கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். அதத்தான் தம்பி என்னால தாங்க முடியல."